வெளிநாட்டில் இருந்துகொண்டு கொழும்புத் தொடர்மாடி வீட்டை வாடகைக்கு விடுவது எப்படி

ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருந்துகொண்டு வெள்ளவத்தை வீட்டை வாடகைக்கு விட்டு நட்டப்படுகிறவர்களில் பலர் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் விட்டுவிடுகிறார்கள். திறப்பு அவரிடம், வாடகைக்காசு அவர் கையில், குழாய் வேலைக்கு ஆள் பிடிப்பதும் அவர், கடைசியில் கணக்குச் சொல்வதும் அவர். அவர் சொந்தத் தாய்மாமனாக இருக்கலாம், தங்கமான மனிதராகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து ஏசி திருத்திய செலவு எவ்வளவு என்று கேட்க உங்களுக்கும் கூச்சம், சொல்ல அவருக்கும் கூச்சம். காசும் போய் உறவும் கசந்துவிடும்.

ஆகவே வேலையைப் பிரியுங்கள். வாடகை நேராக உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரவேண்டும், யார் கையாலும் வரக்கூடாது. மேலதிகத் திறப்பை ஒருவர் வைத்திருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப இன்னொருவரை, கூலி பேசியே, ஒழுங்குபண்ணுங்கள். திருத்தவேலைக்கான காசை, பற்றுச்சீட்டின் படம் வந்தபின் வேலை செய்தவரின் கணக்குக்கே அனுப்புங்கள். கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையில்தான் கேள்வி கேட்க முடியும்.

அற்றோணித் தத்துவம்

வாடகை உறுதியில் உங்களுக்காக ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டுமென்றால் அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்பட ஒருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்) தேவை. அவசரத்தில் பலர் பொதுத் தத்துவம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் விற்கவும் ஈடுவைக்கவும்கூட அதிகாரம் போய்விடும். நீங்கள் கொடுக்க வேண்டியது விசேட தத்துவம். வீட்டின் இலக்கம், மாடி, கூட்டாதனத் திட்டப்பட (தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே காட்டும் வரைபடம்) இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "வாடகைக்குக் கொடுத்தல், வாடகை உறுதியில் ஒப்பமிடுதல், மின்சாரம், நீர், மாநகர சபை, முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றோடு தொடர்புகொள்ளல், தேவைப்பட்டால் வழக்குத் தொடுத்தல்" என்று வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். (முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்பது கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த நிர்வாக அமைப்பு.) விற்கவும் ஈடுவைக்கவும் அன்பளிப்புச் செய்யவும் அதிகாரம் இல்லை என்பதைத் தனி வரியாகவே எழுதிவிடுங்கள். காலவரையும் போடுங்கள், இரண்டு வருடம் போதும்.

நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அல்லது உயர்ஸ்தானிகராலயத்தில், கொன்சியூலர் பிரிவு அலுவலர் முன் கையெழுத்து வைப்பதுதான் சிக்கல் குறைந்த வழி. அதைக் கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவுசெய்தபின்தான் நொத்தாரிசு அதை ஏற்பார். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போதே உறுதியில் ஒப்பமிட்டுவிட முடியுமானால் தத்துவமே வேண்டாம். அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறில்லை.

விளம்பரம் போடுமுன் பார்க்க வேண்டிய கடதாசிகள்

வீட்டின் உரிமை உறுதி, பதிவுசெய்த கூட்டாதனத் திட்டப்படம், கட்டடம் அனுமதிப்படி கட்டப்பட்டதென்று மாநகர சபை கொடுக்கும் இணக்கச் சான்றிதழ், கடைசிச் சோலைவரிப் (மாநகர சபைக்குக் கட்டும் வீட்டு வரி) பற்றுச்சீட்டு ஆகிய நான்கின் பிரதிகளையும் கையில் வைத்திருங்கள். சோலைவரி உங்கள் பொறுப்பு, வாடகைக்காரருடையதல்ல. முழு வருடத் தொகையையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும். காலாண்டுக்குக் காலாண்டு, அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம்.

முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கான மாதப் பராமரிப்புக் கட்டணத்தை வாடகைக்காரர் கட்டுவதாகப் பேசினாலும், கூட்டுத்தாபனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர்தான். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அது அப்படித்தான். அதனால் அதை வாடகையோடு சேர்த்துக் கேட்டு, நீங்களே கட்டிவிடுவது நல்லது. குறுகியகால விருந்தினருக்கு நாள்வாடகைக்கு விட நினைப்பவர்கள் முதலில் கட்டட உபவிதிகளை வாசியுங்கள். பல கட்டடங்களில் அதற்கு இடமில்லை. இடமிருந்தாலும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு வேண்டும்.

வீட்டைத் தயார்படுத்தல்

பூட்டிக் கிடந்த கொழும்பு வீடு சும்மா இருக்காது. மரைன் டிறைவ் பக்கமென்றால் உப்புக்காற்று முதலில் ஏசியின் வெளி அலகையும் பல்கனிக் கம்பியையும் கதவுப் பிணைச்சலையும் தின்னும். வெளி அலகின் தாங்கிகளைக் கட்டாயம் பாருங்கள். இரும்புத் தாங்கி துருவேறி இற்றுப்போனால், ஆறாம் மாடியிலிருந்து அலகு கீழே விழக்கூடும். துருவேறாத உருக்குத் தாங்கி போடுவதற்கு ஒருமுறைதான் செலவு.

குளியலறையில் சாக்கடை நாற்றம் வந்தால் பலர் குழாய் உடைந்துவிட்டதென்று நினைத்துத் தரையைக் கிண்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் சிறியது. நிலவடிகாலின் பொறியில் (வடிகாலுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதி) நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்து போயிருக்கும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கும் மூடி. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். வீடு காலியாக இருக்கும் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை யாராவது இதைச் செய்ய வேண்டும். அதே ஆள் கழிப்பறைத் தொட்டி, குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டு, பூச்சட்டித் தட்டு ஆகியவற்றில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். டெங்குப் பரிசோதனைக்கு வரும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நுளம்புக் குடம்பியைக் கண்டால், உரிமையாளர் கனடாவில் இருக்கிறார் என்பதற்காக விடமாட்டார்.

குளிர்சாதனப்பெட்டியைக் கதவு திறந்தபடி வையுங்கள். அலுமாரிக் கதவுகளையும் அப்படியே. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மூடிய அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஜெனரேட்டர் பற்றி விளம்பரத்தில் சரியாக எழுதுங்கள். லிப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும் வரும் கட்டடங்கள் உண்டு, வீட்டுக்குள் சில புள்ளிகளுக்கு வருவன உண்டு, ஏசி உட்பட முழுவதுக்கும் வருவன குறைவு. "ஜெனரேட்டர் உண்டு" என்று மொட்டையாக எழுதினால் முதல் மின்வெட்டிலேயே சண்டை தொடங்கும்.

வாடகை உறுதி: இங்கேதான் கவனம் வேண்டும்

கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்து முத்திரை ஒட்டினால் போதும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்கென்று நீங்கள் எழுதியது சட்டத்தின் முன் ஒரு வருடக் குத்தகையாக நிற்காது. இடையில் அவர் எழும்பிப் போனாலும், முடிவில் எழும்ப மறுத்தாலும் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

முத்திரைத் தீர்வை, 2025 ஏப்ரல் முதல், முழுக் காலத்து வாடகையில் 2 வீதம். மாதம் 150,000 ரூபா, ஒரு வருடம் என்றால் மொத்தம் 1,800,000, தீர்வை 36,000. நொத்தாரிசின் கூலி வேறு. இதை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், பாதிப்பாதி என்றால் இருபக்கமும் மனக்குறை இராது.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்கு மிகுந்த பாதுகாப்புக் கொடுப்பது. 1980க்குப் பிறகு கட்டிய வதிவிடங்கள் அதற்கு வெளியே என்பதால் இன்றைய தொடர்மாடிகளுக்குப் பொதுவாக அந்தப் பயம் இல்லை. பழைய கட்டடமென்றால் சட்டத்தரணியைக் கேளாமல் திறப்பைக் கொடுக்க வேண்டாம். குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் முறையாக எழுதிய உறுதி கையில் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நேராகப் பேசலாம்.

உறுதியில் காசு பற்றிய வரிகளைத் தெளிவாக எழுதுங்கள். கொழும்பில் "ஆறு மாத அட்வான்ஸ்" என்றால் இரண்டு பொருள் எடுக்கலாம். முன்கூட்டியே கட்டிய வாடகை, மாதாமாதம் கழிந்துபோகும். அல்லது போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய வைப்பு. இரண்டையும் பிரித்து, இரண்டு தொகையாக எழுதுங்கள்: முற்கூட்டிய வாடகை இவ்வளவு, எந்தெந்த மாதத்துக்கு, பாதுகாப்பு வைப்பு இவ்வளவு, அதை வாடகையாகக் கழிக்க முடியாது. பிந்திய வசனம் இல்லாவிட்டால் கடைசி மூன்று மாதமும் "வைப்பில் கழியுங்கோ" என்று சொல்லிவிடுவார்கள். பிறகு உடைந்த அலுமாரிக்கும் நிலுவை மின்பட்டியலுக்கும் கையில் எதுவும் இருக்காது.

கூடவே இவையும் இருக்கட்டும்: எத்தனை பேர் குடியிருக்கலாம், உபகுத்தகைக்குக் கொடுக்கக்கூடாது, புதுப்பிக்கும்போது வாடகை எத்தனை வீதம் கூடும், முன்னறிவித்தல் எத்தனை நாள், 24 மணித்தியால அறிவித்தலோடு உங்கள் ஆள் வீட்டைப் பார்க்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சேர்விஸ் யார் செலவில். வாடகை உயர்வைச் சும்மா "பேசித் தீர்மானிக்கப்படும்" என்று விடாதீர்கள். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களிலேயே 350ஐத் தாண்டியபோது, நீண்டகாலத்துக்கு ஒரே வாடகை எழுதியவர்களின் வருமானம் வெளிநாட்டுக் காசில் பாதிக்குக் கிட்ட இறங்கியது. அதனால் ஒரு வருட உறுதி, புதுப்பிக்கும் விருப்பத்தோடு, என்பதே வெளிநாட்டில் இருப்பவருக்குப் பொருத்தம்.

ஆளைத் தேர்வது

தரகர், இக்மன் போன்ற இணைய விளம்பரத் தளம், ஞாயிறு வீரகேசரி விளம்பரம் என்று எந்த வழியும் சரி. தரகர் கூலி பொதுவாக அரை மாதம் முதல் ஒரு மாத வாடகை. வருபவரின் தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டுப் பிரதி, வேலையிடக் கடிதம், முன்பு இருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் மூன்றையும் வாங்குங்கள். முன்பிருந்த வீட்டுக்காரரை நீங்களே அழைத்துப் பேசுங்கள். தற்போதைய வீட்டுக்காரர் எப்படியாவது அனுப்பிவிட நினைத்து நல்லது சொல்லக்கூடும், அதற்கு முந்தையவர் உண்மை சொல்வார். பொலிஸ் குடியிருப்பாளர் விபரப் படிவம் கொடுத்தால் வாடகைக்காரர் பெயர்கள் அதில் சரியாகப் போகவேண்டும். அதன் பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

திறப்புக் கொடுக்கும் நாளில் பொருட்பட்டியல். ஏசியின் தொடர் இலக்கம், றிமோட் எத்தனை, திறப்பு எத்தனை, லிப்ட் அட்டை எத்தனை, 12.5 கிலோ காஸ் சிலிண்டர் யாருடையது, மின்மானி, நீர்மானி வாசிப்புகள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் ஒப்பம். கூடவே வாசலில் தொடங்கி எல்லா அறைக்கும் போகும் ஒரே தொடர்ச்சியான காணொளி. படமாக எடுத்தால் எதை எடுக்கவில்லையோ அதில்தான் பிரச்சினை வரும்.

மாதாமாதம்

மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில்தான் தொடரும், நிலுவையும் உங்கள் தலையில்தான். கணக்கிலக்கத்தை வைத்து ஒவ்வொரு மாதமும் இணையத்தில் நிலுவையைப் பாருங்கள். வீட்டு மின்கட்டணம் 60 அலகைத் தாண்டியதும் வேறு அட்டவணைக்கு ஏறி, படிப்படியாகக் கூடிக்கொண்டு போவது. 12,000 பீ.ரீ.யு. ஏசி ஒன்று இரவில் எட்டு மணித்தியாலம் ஓடினாலே மாதம் 100 அலகைச் சுலபமாகத் தாண்டும். மூன்று ஏசி உள்ள வீட்டில் இரண்டு மாத நிலுவை, வைப்பில் ஒரு பெரிய துண்டைத் தின்றுவிடும். ஒரு மாதம் தவறினாலே கேளுங்கள்.

வரியும் காசை வெளியே எடுப்பதும்

இலங்கையிலுள்ள வீட்டின் வாடகை, நீங்கள் எங்கிருந்தாலும், இலங்கையில் வரிக்குரிய வருமானம். வரிஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, வருமான வரி விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். வாடகைக்காரர் கம்பனியென்றால் வரியைப் பிடித்துக்கொண்டு மிகுதியைத் தருவார்கள், பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வதியும் நாட்டிலும் இந்த வருமானத்தைக் காட்ட வேண்டும். கனடாவும் பிரித்தானியாவும் இலங்கையோடு இரட்டை வரி உடன்படிக்கை வைத்திருப்பதால் இலங்கையில் கட்டியதை அங்கே வரவுவைக்கலாம், அதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். கனடாவில் வாடகைக்கு விட்ட வெளிநாட்டுச் சொத்துகளின் கொள்விலை 100,000 கனேடிய டொலரைத் தாண்டினால் T1135 படிவமும் கொடுக்க வேண்டும். வருமானமே வராத வருடத்திலும் அது உண்டு. பிந்தினால் நாளுக்கு 25 டொலர் தண்டம், 2,500 வரை.

வீட்டை வெளிநாட்டிலிருந்து உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் காசனுப்பி வாங்கியிருந்தால், வாடகையும் அதே கணக்கில் சேர்ந்து வெளியே போகலாம். காசு வந்த வழிக்கான வங்கிக் கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை விற்கும் காலத்திலும் வங்கி அதைத்தான் கேட்கும்.

வாடகைக்காரர் போகும்போது

முன்னறிவித்தல் வந்தவுடன் உங்கள் ஆளை அனுப்பிப் பொருட்பட்டியலோடு ஒப்பிடுங்கள், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். வெளியேறும் நாளில் மானி வாசிப்புகளைப் படமெடுத்து, திறப்புகளை எண்ணி வாங்கி, கட்டட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, லிப்ட் அட்டைகளை முடக்குங்கள். கடைசி மின்பட்டியலும் நீர்ப்பட்டியலும் வந்து சேர ஒரு மாதம் ஆகலாம். வைப்பை 30 முதல் 45 நாளுக்குள் திருப்பித் தருவதாக உறுதியில் எழுதியிருந்தால் அதற்குள் கணக்கை முடித்துவிடலாம். கழித்த ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டின் படத்தைச் சேர்த்து அனுப்புங்கள். சுவரில் ஆணித்துளை, மங்கிய வர்ணம் போன்ற பாவனைத் தேய்மானத்துக்குக் காசு பிடிப்பது நியாயமல்ல. சொன்ன நாளில் வைப்பைத் திருப்பிக் கொடுங்கள், அடுத்த குடும்பத்தைப் பெரும்பாலும் அவர்களே கொண்டுவருவார்கள்.