அத்தியிலை மணக்கும் சென்ட்: முதன்முறை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்லிகைக்கும் சந்தனத்துக்கும் அத்தருக்கும் பழகிய மூக்குக்குப் பச்சை மணம் முதலில் புரிபடுவதில்லை. அது பூவின் மணமும் அன்று, பழத்தின் மணமும் அன்று. கிள்ளிய இலை, ஒடித்த காம்பு, அப்போதுதான் வெட்டிய புல் ஆகியவற்றின் மணம். பெருவணிக நிறுவனங்கள் தொடத் தயங்கிய இத்தகைய மணங்களைச் சிறிய 'நிஷ்' நிறுவனங்கள் துணிந்து எடுத்துக்கொண்டன. சீமையத்தி மரத்தின் மணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒலிவியா ஜியாகோபெட்டி என்ற பிரெஞ்சு வாசனைக் கலைஞர் 1994-இல் லார்டிசான் பர்ஃப்யூமர் நிறுவனத்துக்காக 'ப்ரெமியே ஃபிகியே'யையும், 1996-இல் பாரிசின் டிப்டிக் நிறுவனத்துக்காக 'ஃபிலோசிகோஸ்' என்பதையும் உருவாக்கினார். இரண்டாவதில் பழத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதில் இருப்பது இலையும் பாலும் கட்டையும் சேர்ந்த முழு மரம்.

இத்தகைய சென்டை வாங்குவோர் செய்யும் தவறுகளில் பெரியது, முதல் ஐந்து நிமிடங்களில் முடிவெடுப்பது. வெட்டிய புல்லின் மணத்தைத் தரும் சிஸ்-3-ஹெக்செனால் போன்ற மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தோலின் சூட்டில் அவை விரைவாக ஆவியாகிவிடும். ஆகவே, அந்தத் தொடக்கத்தில் மயங்கிப் பணம் கொடுத்தவர், ஒரு மணி நேரத்துக்குப் பின் தன் கையில் வேறொரு மணம் இருப்பதைக் கண்டு திகைக்கிறார். இதன் மறுபக்கமும் உண்டு. ஈரான் மலைப்பகுதிகளில் விளையும் கால்பனம் என்ற பிசின், பெருங்காயச் செடியின் இனத்தைச் சேர்ந்த செடியிலிருந்தே கிடைக்கிறது. அதைத் தாராளமாகச் சேர்த்து ஜெர்மேன் செல்லியே என்ற வாசனைக் கலைஞர் 1947-இல் பால்மேன் நிறுவனத்துக்காகச் செய்த 'வான் வேர்' பச்சை மணங்களின் வரலாற்றில் ஒரு மைல்கல். கால்பனம் மிகுந்த சென்டுகளின் தொடக்கம் கசப்பாகவும் முரட்டுத்தனமாகவும் இருப்பதால் பலர் அப்போதே குப்பியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சற்றுப் பொறுத்திருந்தால் அடியில் உள்ள பூவும் பாசியும் மேலெழுவதை உணர்ந்திருப்பார்கள். நாள் முழுவதும் நம்மோடு இருக்கப்போவது இரண்டாவது மணி நேரத்து மணம்தான் என்பதால், அதை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

பச்சை மணம் என்றால் இலையைப் பிழிந்து எடுத்தது, ஆகவே தீங்கற்றது என்று நினைப்பது அடுத்த தவறு. சீமையத்தி இலையை உடைத்தால் வடியும் பாலில் ஃபியூரோகூமரின் வகைப் பொருள்கள் உள்ளன. அந்தப் பால் பட்ட தோலில் வெயிலும் பட்டால் சிவந்து கொப்புளம் எழும். தோலுக்கு ஏற்படும் இத்தகைய கேடுகளைக் கருதியே, அத்தியிலைச் சாற்றை வாசனைத் திரவியங்களில் சேர்க்கக் கூடாதென்று சர்வதேச நறுமணப் பொருள் சங்கமான இஃப்ரா தடைசெய்துள்ளது. எனவே, நாம் முகரும் அத்தியிலை மணம் பொதுவாக ஸ்டெமோன் போன்ற செயற்கைப் பொருள்களைக் கொண்டு கட்டியெழுப்பப்படுவது. அதில் தேங்காய்ப்பால் வாடை அடிப்பதாகத் தோன்றினால் அது மூக்கின் பிழையன்று, காமா-ஆக்டலாக்டோன் என்ற பொருள் உண்மையிலேயே தேங்காயை நினைவூட்டும். தோட்டத்து அத்தியிலைகளைச் சாராயத்தில் ஊறவைத்து உடம்பில் பூசிக்கொள்ளும் வீட்டுச் சோதனை வேண்டவே வேண்டாம்.

கடையில் காகிதப் பட்டையில் மட்டும் முகர்ந்துவிட்டு வாங்குவதும் சரியன்று. காகிதத்துக்குச் சூடோ வியர்வையோ இல்லை. அதே வேளையில் ஏழெட்டு சென்டுகளை அடுத்தடுத்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். நடுவில் முகர்வதற்காகக் கடைக்காரர் நீட்டும் காப்பிக் கொட்டையால் பெரிய பயனில்லை. சோதித்துப் பார்த்தபோது அதற்கும் வெறும் காற்றுக்கும் வேறுபாடு தென்படவில்லை. இரண்டோடு நிறுத்திக்கொண்டு கடைக்கு வெளியே வந்து நிற்பதே போதும். மணிக்கட்டுகளைத் தேய்த்தால் மூலக்கூறு உடையும் என்பது கட்டுக்கதை. ஆனால் தேய்க்கும் சூட்டில் அந்த இளம் பச்சை இன்னும் வேகமாகப் பறந்துவிடும்.

ஒரே பெயரில் ஓ தெ துவாலெட், ஓ தெ பர்ஃபம் என இரு வகைகள் விற்கப்படும்போது, இரண்டாவது முதலாவதன் அடர்த்தியான வடிவம் மட்டுமே என்று கருதி விலை உயர்ந்ததை எடுப்பவர்கள் பலர். பெரும்பாலும் கலவையின் விகிதமே மாறியிருக்கும். ஃபிலோசிகோஸ் இரு வகையிலும் கிடைக்கிறது. இலையின் கூர்மையை விரும்புபவருக்கு மெல்லிய வகையான ஓ தெ துவாலெட்டே பொருத்தமாக இருக்கக்கூடும். ஆகவே, ஒன்றிரண்டு மில்லிலிட்டர் மாதிரிக் குப்பிகளாக இரண்டையும் வாங்கி, வெயில் நாளிலும் மழை நாளிலும் பூசிப் பார்த்த பிறகே பெரிய குப்பிக்குப் போகலாம்.

மணம் நிற்கவில்லை என்று பத்து முறை பீய்ச்சிக்கொள்வதால் பலனில்லை, உடனிருப்பவருக்குத்தான் தலைவலி. பருத்திச் சட்டையின் உட்புறத்தில், கறை படியாத இடமாகப் பார்த்து ஒரு முறை தெளித்துக்கொண்டால் தோலில் நிற்பதைவிட நெடுநேரம் நிற்கும். குப்பியைக் குளியலறை அலமாரியிலோ வெயில் விழும் சன்னலோரத்திலோ வைக்காமல், அதன் அட்டைப் பெட்டியிலேயே போட்டுப் பீரோவின் உள்தட்டில் வைப்பது நல்லது.