கழற்றிய பேரிங்கை ஸ்கிராப்பில் போடாதீர்கள்: மெயின்டனன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மோட்டாரிலிருந்து கழற்றிய பேரிங்கை ஸ்கிராப் டிரம்மில் வீசினார். நான் கையை விட்டு அதை வெளியே எடுத்ததும் ஆச்சரியமாகப் பார்த்தார். "அது போயிடுச்சுண்ணா, புதுசு ஸ்டோர்ல இருக்கு" என்றார். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நானும் இதே வார்த்தையைச் சொன்னவன்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சப்ளையை ஆஃப் செய்து பூட்டாமல் மெஷினில் கை வைக்கக் கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரணம் பார்க்காமல் பேரிங் மாற்றுவது

நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு கூலிங் வாட்டர் பம்ப். 22 கிலோவாட் மோட்டார், டிரைவ் பக்கம் (பம்போடு இணையும் பக்கம்) 6310 எண் பேரிங். ஐந்து மாதத்தில் மூன்று முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சத்தம் வரும், கழற்றுவேன், புதிதை மாட்டுவேன், இரண்டு மணி நேரத்தில் பம்பை ஓடவிட்டு நல்ல பெயர் வாங்குவேன். பேரிங் விலை பெரிய விஷயமில்லை. அந்த பம்ப் நின்றால் ஃபர்னஸ் நிற்கும். ஃபர்னஸ் நின்றால் ஒரு ஷிஃப்ட் உற்பத்தியே போகும். அப்படி மூன்று ஷிஃப்ட் போனது. பேரிங் கம்பெனி சரியில்லை, பாரிமுனையில் வாங்கியது டூப்ளிகேட் என்று நான் அடித்துச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

மூன்றாவது பேரிங்கை ஒரு மூத்த ஃபிட்டர் என்னிடமிருந்து வாங்கினார். கிரைண்டரில் வெளி ரிங்கை இரண்டாக அறுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். குண்டுகள் ஓடிய தடம் மங்கலான ஒரு பட்டையாகத் தெரிந்தது. அது ரிங்கின் விளிம்புக்கு இணையாக நேராகப் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு பக்கம் இந்த ஓரத்தையும் எதிர்ப் பக்கம் அந்த ஓரத்தையும் தொட்டு, சாய்வாக ஓடியிருந்தது. "பேரிங் கோணலா உக்காந்து ஓடியிருக்கு தம்பி. இது பேரிங் தப்பு இல்ல" என்றார்.

நேராகப் போய் மோட்டாரின் நான்கு கால் போல்ட்டுகளில் ஒன்றைத் தளர்த்தினோம். கால் மேலே எழும்பியது. அதன் அடியில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.40 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. யாரோ டின் தகட்டை வெட்டி ஷிம்மாக, அதாவது உயரத்தைச் சரிக்கட்டும் அடித்தகடாக, சொருகியிருந்தார்கள். அது துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. தரையில் சரியாக உட்காராத காலை போல்ட் போட்டு இறுக்கினால் மோட்டார் பாடியே முறுக்கிக்கொள்ளும், இரண்டு பக்க பேரிங் இருக்கைகளும் ஒரே கோட்டில் நிற்காது. சாஃப்ட் ஃபுட் என்பது இதுதான். நான் ஸ்கேலை வைத்து, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைப் பார்த்துவிட்டு அலைன்மென்ட் (இரண்டின் ஷாஃப்டும், அதாவது சுழலும் தண்டும், ஒரே கோட்டில் நிற்பது) சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

துருவைச் சுரண்டி, ஸ்டெயின்லெஸ் ஷிம் போட்டு, டயல் கேஜ் வைத்து அலைன் செய்தோம். நான் அங்கிருந்து வெளியேறும்வரை அந்த மோட்டாரில் பேரிங் மாற்றவில்லை. முதல் பேரிங்கை நான் அறுத்துப் பார்த்திருந்தால் மற்ற இரண்டும் போயிருக்காது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

ஆகவே அறுத்துப் பாருங்கள். குண்டுகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில் தடத்தில் குழிகள் இருந்தால், மாட்டும்போது சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். ஷாஃப்டில் ஏற்ற வேண்டிய பேரிங்கை ஹீட்டரில் 110 டிகிரிக்குச் சூடாக்கினால் தானாக வழுக்கிப் போகும். அதை வெளி ரிங்கில் தட்டி ஏற்றக் கூடாது. துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக இருந்தால் விஎஃப்டி-யால் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) ஷாஃப்ட் வழியாக பேரிங்கில் பாய்ந்த கரண்ட். நூறு பேரிங் மாற்றினாலும் அது தீராது. நீலமாக, பழுப்பாக நிறம் மாறியிருந்தால் சூடு. பெரும்பாலும் கிரீஸ் விவகாரம். அலைன்மென்ட் தொடங்கும் முன் ஒவ்வொரு காலாகத் தளர்த்தி டயல் கேஜில் பாருங்கள். 0.05 மில்லிக்கு மேல் எழும்பினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கழற்றிய பேரிங்கில் மோட்டார் எண், தேதி, எந்தப் பக்கம் என்று எழுதிக் கட்டி, ஒரு ரேக்கில் ஆறு மாதமாவது வையுங்கள்.

சத்தம் வந்தால் கிரீஸ் அடிப்பது

பேரிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். பொங்கி வழியும்வரை அடித்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே சூடேறும். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியா கிரீஸை அடித்தால் பல நேரம் இரண்டும் சேராமல் இளகி ஓடிவிடும். கிரீஸ் கன்னில் என்ன இருக்கிறது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

நன்றாக ஓடுவதைப் பிரித்துப் பார்ப்பது

வருடாந்திர ஷட்டவுனில் எல்லாவற்றையும் திறந்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. 1978-லேயே யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் விமான பாகங்களை ஆராய்ந்து சொன்னார்கள்: வயதானதால் பழுதாகும் வகை 11 சதவீதம்தான், 68 சதவீதம், புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாகும் வகை. நம் பம்புக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஓவர்ஹால் முடிந்த வாரத்தில் எத்தனை பிரேக்டவுன் என்று உங்கள் லாக் புக்கைப் புரட்டிப் பாருங்கள். அதிர்வையும் சூட்டையும் அளந்து, தேவையிருந்தால் மட்டும் திறங்கள்.

மெஷின் பக்கம் போகாமல் செக்லிஸ்டில் டிக் போடுவது

செய்யாதீர்கள்.

காற்றுக் கசிவைக் கண்டுகொள்ளாதது

7 பார் அழுத்தக் காற்று லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட் மின்சாரத்தை இரவும் பகலும் தின்னும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்றிருக்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு லைனோடு நடங்கள், காதே கண்டுபிடித்துவிடும்.

ஸ்டாண்ட்பை பம்பை மறப்பது

மாற்றாக நிறுத்தி வைத்திருக்கும் பம்பை வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். எண்ணூர், மணலி உப்புக் காற்றில் நிற்கும் பம்புக்கு இது இன்னும் அவசியம்.

தண்ணீரும் மோட்டாரும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஹோஸ் பைப்பைப் பிடித்து மோட்டாரைக் கழுவுகிறார்கள். பக்தியில் குறை சொல்லவில்லை. டெர்மினல் பாக்ஸில் தண்ணீர் இறங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வையுங்கள், போதும்.

வெள்ளத்தில் மூழ்கியது வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் புகுந்தது. வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்விட்சைப் போட்டால், காயவைத்துக் காப்பாற்றக்கூடிய வைண்டிங்கும் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்து போகும். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஓவனில் காயவைத்து, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுங்கள். ஒரு மெகாஓம் கூடக் காட்டாத மோட்டாருக்கு சப்ளை கொடுக்கவே கூடாது. குறைந்தது ஐந்து மெகாஓம் வரும்வரை திரும்பக் காயவையுங்கள். வைண்டிங் தேறினாலும் பேரிங்கை மாற்றிவிடுங்கள், கிரீஸுக்குள் சேற்றுத் தண்ணீர் போயிருக்கும். இந்த ஒரு பேரிங்கை மட்டும் அறுத்துப் பார்க்க வேண்டாம்.