பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவியல் தொடர்புப் பிரிவில் போன மாதம் சேர்ந்த தம்பி, தன் முதல் செய்திக்குறிப்பைக் கொண்டுவந்து நீட்டினார். தலைப்பு: ‘புற்றுநோயை அழிக்கும் மூலிகை: பேராசிரியர் சாதனை’. 12 வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே தலைப்பு. மூலிகைதான் வேறு. எழுத்துப் பிழை, இனிஷியல் விடுபடுவது எல்லாம் நாலு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். இது ஆகாது.

தட்டில் நடந்ததை உடம்பில் நடந்ததாக எழுதுவது

என் குறிப்புக்குப் பின்னால் இருந்த ஆய்வு இவ்வளவுதான்: எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து, இலைச்சாற்றை விட்டார்கள். 48 மணி நேரத்தில் பாதி செத்தன. ரெண்டு சொட்டு பினாயில் விட்டிருந்தாலும் செத்திருக்கும்.

செய்தி வந்த மூன்றாம் நாள், விடியற்காலை பஸ் பிடித்து ஒருவர் மெயின் கேட்டில் வந்து நின்றார். மஞ்சள் பையில் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட். “அந்த மருந்து எங்க கிடைக்கும் சார்? கீமோவ நிறுத்திட்டு இதக் குடுக்கலாமா?” சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த பேப்பர் துண்டில் என் வாக்கியம், ஓர் எழுத்துகூட மாறாமல். எலிக்குக்கூடக் கொடுத்ததில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியவன் நான்.

‘பத்திரிகைக்காரங்க ஊதிட்டாங்க’ என்று நழுவுவது நம் வழக்கம். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு அதற்கு ஆப்பு வைத்தது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 உடல்நலக் குறிப்புகளை அலசினார்கள். விலங்கு ஆய்வை மனிதருக்கும் பொருந்துவதுபோலக் குறிப்பே ஊதியிருந்தால், செய்திகளில் 86 சதவீதமும் ஊதின. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதம்தான். ஊதினால் கூடுதல் பேப்பரில் வரும் என்பதற்கும் பெரிதாக ஆதாரம் இல்லை.

இன்றும் எரிச்சல் அடங்கவில்லை. “கொஞ்சம் பஞ்ச்சா போடுங்க தம்பி, நாக் கமிட்டி வருது” என்றுதான் அன்று அந்தப் பேராசிரியர் கேட்டார். நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் அமைப்பு. போட்டது என் கை.

‘ஆய்வகத் தட்டில்’, ‘எலிகளில்’ என்ற சொல் தலைப்பிலேயே வரட்டும். ஏழாவது பத்தியை யாரும் மடித்துச் சட்டைப்பையில் வைப்பதில்லை. தம்பி அப்படியே மாற்றினார். பேராசிரியர் முகம் சுளித்தார். ஒரு நாளிதழ் ஆறு வரி போட்டது.

‘சிக்னிஃபிகன்ட்’டை ‘மிக முக்கியமான’ என்று பெயர்ப்பது

ஆய்வுத்தாளில் அது புள்ளியியல் சொல். தற்செயல் மட்டுமே காரணம் என்றால் இப்படி ஒரு வித்தியாசம் வர வாய்ப்பு குறைவு, அவ்வளவே. வித்தியாசம் கடுகளவாகவும் இருக்கலாம்.

ஆய்வாளரிடம் காட்டாமல் அனுப்புவது

காட்டுங்கள். தலைப்பில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.

பிப்ரவரி 28 அன்று மட்டும் விழிப்பது

தேசிய அறிவியல் தினம் என்றால் பேனர், சர் சி.வி. ராமன் படம், கோலப்போட்டி. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2022 வழிகாட்டுதல், அறிவைச் சமூகத்தோடு பகிர விஞ்ஞானிகளிடம் வருடத்துக்கு 10 நாளாவது கேட்கிறது.