பெயரைப் பார்த்து பிராசஸர் வாங்காதீங்க

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷன் பக்கத்திலோ ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொஞ்ச நேரம் நின்றால், "அண்ணாச்சி, ஐ7 என்ன ரேட்டு வரும்?" என்ற கேள்வி காதில் விழும். எந்த ஐ7 என்று கேட்பவர் சொல்வதில்லை. பல நேரம் விற்பவரும் திருப்பிக் கேட்பதில்லை. காசு வீணாகத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறையில் வந்த இன்டெல் பிராசஸர்களுக்குள் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) எது பெரியது, எது சின்னது என்று காட்டும் பெயர்கள். தலைமுறை மாறிவிட்டால் அந்த வரிசை செல்லாது. 2013-ல் வந்த ஐ7-4770-ல் நாலு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை). 2022 தொடக்கத்தில் வந்த ஐ3-12100-லும் அதே நாலு கோர், எட்டு த்ரெட். இரண்டையும் ஒரே வேலையில் விட்டுப் பாருங்கள், ஐ3 வெகுதூரம் முன்னால் போய்விடும். இடைப்பட்ட ஒன்பது வருஷத்தில் ஒவ்வொரு கோரும் ஒரு நொடியில் முடிக்கிற வேலை அவ்வளவு கூடியிருக்கிறது. அதனால் கவனிக்க வேண்டியது கோட்டுக்கு அப்புறம் வரும் எண். 4770 என்றால் நாலாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

இதைப் பார்க்காமல் ஏமாறுவது பெரும்பாலும் மலிவு விலை அசெம்பிள் செட்டுகளில். "ஐ5, 16 ஜிபி ரேம், புது போர்டு" என்று சொல்வார்கள். போர்டு, அதாவது பிராசஸரைப் பொருத்தும் மதர்போர்டு, நிஜமாகவே புதுசாக இருக்கும். ஆனால் அது எச்61 என்ற பழைய வகை போர்டு என்றால், அதில் உட்காருவது 2011, 2012-ல் வெளிவந்த இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை பிராசஸர், எங்கோ ஓர் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. பாட்டுக் கேட்க, பிள்ளைகள் டைப்பிங் பழக அது போதும். ஆனால் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி கம்பெனியின் ரைசனில் 2000 வரிசையிலிருந்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்) 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆதார், பட்டா, ஜிஎஸ்டி என்று ஊரார் விவரங்களையெல்லாம் கையாளும் இடத்துக்கு இப்படி ஒரு செட்டை யார் வாங்கி வைத்தாலும் எனக்கு மனசு கேட்காது.

பிராசஸர் துடிக்கும் வேகத்தைக் காட்டும் கிகாஹெர்ட்ஸை மட்டும் ஒப்பிடுவதும் இதே தவறுதான். 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போன பெண்டியம் 4-ஐ, 2006-ல் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ தோற்கடித்தது. அது நடந்து இவ்வளவு காலமாகியும் அந்த எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

லேப்டாப்பில் ஏமாறுவது இன்னும் சுலபம்

ஜூன் மாதம் காலேஜ் திறக்கும் நேரத்தில் அம்பை, தென்காசி, வள்ளியூர்ப் பக்கமிருந்து பெற்றோர் பிள்ளைகளோடு வந்து பாளையங்கோட்டையில் லேப்டாப் தேடுவார்கள். "ரைசன் 5, 7000 சீரிஸ்னா புதுசுதானே?" என்பது அவர்கள் கேள்வி. முதல் எண் 7 என்பது அது எந்த ஆண்டுச் சரக்கு என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது எண்.

7520யு என்றால் மூன்றாவது எண் 2; உள்ளே இருப்பது 2019-ல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நாலு கோர். 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். 7540யு என்றால் ஜென் 4. பத்து பத்தாகக் கூடுகிற எண்ணில் இத்தனை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. 7520யு-வில் இன்னொரு சங்கடம், அது எல்பிடிடிஆர்5 ரேமை மட்டும்தான் ஏற்கும். அந்த ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு வரும். 8 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இஞ்சினியரிங் மூன்றாம் வருஷத்தில் ரேம் போதவில்லை என்று பிள்ளை சொல்லும்போது செய்வதற்கு ஒன்றுமிருக்காது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றிச் சேர்த்த காசில் லேப்டாப் வாங்குகிற வீடுகள் உண்டு. அந்த ஓர் எண்ணை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

கோர் எண்ணிக்கையிலும் இப்படித்தான். ஐ5-1335யு-வில் பத்து கோர், ஐ5-13420எச்-ல் எட்டு. பத்துதான் பெரிது என்று தோன்றும். முன்னதில் கனமான வேலைக்கான பெரிய கோர் இரண்டு, மீதி எட்டும் சிக்கனத்துக்கான சின்னக் கோர். பின்னதில் பெரிய கோர் நாலு. யு என்று முடிவது 15 வாட் வகை, பேட்டரி நிற்கும், எடை குறையும். எச் என்று முடிவது 45 வாட் வகை, வேகம் தாக்குப்பிடிக்கும், சூடும் ஆகும். ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு அலைகிற பிள்ளைக்கு யு போதும். கட்டட வரைபடமும் முப்பரிமாண வேலையும் செய்கிறவருக்கு எச் வேண்டும்.

கடைசி எழுத்து

டெஸ்க்டாப்பில் மிகுந்த செலவு வைக்கிற எழுத்து எஃப். ஐ5-12400-க்கும் ஐ5-12400எஃப்-க்கும் வேகம் ஒன்றே. எஃப் கொஞ்சம் விலை குறைவு, ஏனென்றால் அதில் திரையில் படம் காட்டும் உள்ளடங்கிய கிராபிக்ஸ் வேலை செய்யாது. தனி கிராபிக்ஸ் கார்டு போடுகிறோமே, பிறகு எதற்கு என்றுதான் பலரும் எஃப் வாங்குகிறார்கள். கேம் விளையாட மட்டும் என்றால் அது சரியான கணக்கு.

கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டூடியோக்காரர்களுக்கு அது தப்புக் கணக்கு. தை, ஆவணி முகூர்த்தங்களில் இரவு பகலாக எடிட்டிங் ஓடும். இப்போது அவர்கள் கையில் இருக்கும் பல கேமராக்கள் நிற விவரம் கூடுதலாக இருக்கும் 10 பிட், 4:2:2 எச்.265 கோப்பாகப் பதிவு செய்கின்றன. இன்டெலின் உள்ளடங்கிய கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி, பதினோராம் தலைமுறையிலிருந்து இந்தக் கோப்பை நேரடியாகப் பிரித்துக் காட்டும். என்விடியா கம்பெனியின் கிராபிக்ஸ் கார்டுகளில் அந்த வசதி ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டு போட்ட எஃப் கம்ப்யூட்டரில் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரின் டைம்லைன் திக்கித் திணறும். கார்டு பழுதானாலோ எஃப்-ல் திரையே வராது, முகூர்த்த நாளில் வேலை அப்படியே நின்றுவிடும். மிச்சம் பிடித்த சிறு தொகைக்கு இது பெரிய விலை.

ரைசனில் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) வரிசையில் இது தலைகீழ். ரைசன் 5 5600-ல் கிராபிக்ஸ் கிடையாது, 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) உண்டு. 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, கேஷ் 16 எம்பி. தனிக் கார்டு போடுகிறவர் ஜி வாங்கினால் தேவையில்லாததற்குக் காசு கொடுத்து வேகத்தையும் இழக்கிறார். ஜி வாங்குகிறவர் ரேமை ஒரே துண்டாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாகப் போட வேண்டும். உள்ளடங்கிய கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, ஒரே துண்டில் அதன் பாதை பாதியாகிவிடும்.

மீதிப் பணம் எங்கே போகிறது

அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மடை குறுகலாக இருந்தால் கடைமடை வயலுக்கு எட்டாது. ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸைப் போட்டுவிட்டு ஐ7 வாங்குவது அந்த மாதிரிதான். அரிசி மண்டியில் டேலி, டிடிபி சென்டரில் போட்டோஷாப், வீட்டில் ஆன்லைன் வகுப்பு, இதற்கெல்லாம் அண்மைத் தலைமுறை ஐ3-யும் நல்ல எஸ்எஸ்டி-யும் (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு) 16 ஜிபி ரேமும் போதும். ஐ7-க்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தை எஸ்எஸ்டி-யிலும் தரமான பவர் சப்ளையிலும் போடுங்கள் என்றுதான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐ9-14900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். ஐ5-12400-க்கு அதே கணக்கு 117 வாட். கே என்று முடிகிறவற்றோடு பெட்டியில் கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத மாடி அறையில் அந்த ஐ9 100 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வாங்கிய வேகம் கைக்கு வராது. விலை குறைந்த எச்610 போர்டில் மாட்டினால் போர்டும் அந்த மின்சாரத்தைக் கொடுக்கத் திணறும். வழக்கமாக வாங்குகிற 600 விஏ யுபிஎஸ் தருவது ஏறக்குறைய 360 வாட்தான். கரண்ட் போகும்போது இப்படி ஒரு கம்ப்யூட்டரும் கிராபிக்ஸ் கார்டும் அதில் முழுவேகத்தில் ஓடினால், வேலையைச் சேமிக்கக்கூட நேரம் கிடைக்காது.

"நாளைக்கு அப்கிரேட் பண்ணலாம்லா?" என்று கேட்டு அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பவர்களும் உண்டு. ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது, 2027 வரையாவது தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட், பதினான்காம் தலைமுறையோடு முடிந்தது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிராசஸர் மாற்றுகிறவருக்கு இது முக்கியம். ஏழெட்டு வருஷம் அப்படியே ஓட்டிவிட்டு மொத்தமாக மாற்றுகிற வீட்டுக்கு, எல்ஜிஏ 1700-ல் விலை படிந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஏற்கெனவே பயன்படுத்திய 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 டெஸ்க்டாப் பிராசஸர்களை மட்டும் கொஞ்சம் பார்த்து வாங்குங்கள். அதிக மின்னழுத்தத்தால் அவை நாளடைவில் நிலைகுலைவதாகத் தெரிந்து, 2024-ல் இன்டெல் திருத்தம் வெளியிட்டு வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. திருத்தம் பயாஸ் (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டாக வரும். அதைப் போடாமலே ஓடிய பிராசஸருக்கு ஏற்கெனவே பழுது ஏறியிருந்தால் அப்டேட் அதைச் சரிசெய்யாது. புதுசு வாங்கினாலும் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில்லாத டிரே பிராசஸருக்கு இன்டெலிடம் நீங்கள் நேரடியாக வாரண்டி கேட்க முடியாது.

பணம் கொடுக்கும் முன் செட்டை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால் பிராசஸரின் முழுப்பெயர் வலது மேல் மூலையில் வரும். அந்த எண்ணும் கடைசி எழுத்தும் அப்படியே பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "ஐ5 கம்ப்யூட்டர் 1" என்று எழுதியிருந்தால், எண்ணோடு மாற்றி எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.