நனோ வாயு உணரி: கோட்டை விடும் இடங்கள்

வெள்ளீய ஈரொட்சைட்டில் வாயு உணரி செய்யும் மாணவர் எவரையும் கேளுங்கள், முதலில் துணிக்கை அளவைத்தான் சொல்வார். நியாயம்தான். மேற்பரப்பில் ஒட்டும் ஒட்சிசன் இலத்திரன்களைப் பிடுங்கிக்கொள்வதால், ஏறத்தாழ 3 நனோமீற்றர் ஆழத்துக்கு இலத்திரன் வற்றிப்போகிறது. துணிக்கையே 6 நனோமீற்றருக்குள் இருந்தால் முழுவதும் வற்றிவிடும். கொஞ்சம் காஸ் பட்டு அந்த ஒட்சிசன் நீங்கினாலே உணரியின் மின்தடை சட்டென்று விழும்.

கோட்டை விடுவது அதற்கு அப்புறம். பாடுபட்டுச் செய்த தூளை, நன்றாக ஒட்டட்டும் என்று 800 பாகை செல்சியஸில் சுட்டால் துணிக்கைகள் சேர்ந்து பருத்துவிடும். அதற்குப் பயந்து சுடாமலே விட்டால், உணரி 300 பாகையில் வேலை செய்யும்போது அங்கேயே பருக்கத் தொடங்கும், வாசிப்பும் நாளுக்கு நாள் நகரும். வேலை செய்யும் வெப்பநிலையைத் தாண்டிச் சுட்டு, அதன் பிறகு துணிக்கையை அளவுங்கள். சுடாத தூளின் அளவை அறிக்கையில் போடுவது நம்மை நாமே ஏமாற்றுவது.

ஆனால் கொழும்பில் பெரிய வில்லன் ஈரப்பதன். சிலிண்டரில் வரும் உலர்ந்த காற்றில் எடுத்த எண், வெள்ளவத்தைச் சமையலறையில் செல்லாக்காசு. நீராவி ஐதரொட்சிலாக ஒட்டி ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காஸ் வருமுன்னமே தடை இறங்கியிருக்கும். காற்றின் ஒரு பங்கை நீர்ப் போத்தலுக்குள் குமிழவிட்டு, உலர்ந்த பங்கோடு கலந்து, பக்கத்தில் ஈரமானி வைத்து அளந்து பாருங்கள். பெரிய செலவில்லை.

ஒருமுறை சோதனைப் பெட்டியின் மூடி கசிகிறதென்று ஹார்ட்வெயார் கடைச் சிலிக்கோன் பசையைப் பூசிவிட்டேன். உணரி நாளுக்கு நாள் மந்தமானது. நான் தூளைத் திட்டிக்கொண்டிருந்தேன். சிலிக்கோன் ஆவி சூடான மேற்பரப்பில் சிலிக்காவாகப் படிந்து அதை மூடிவிடும். அந்த உணரி பழைய நிலைக்குத் திரும்பவில்லை, புதிதாகத்தான் செய்தேன்.

உணர்திறனைக் கூட்டப் பல்லேடியம் சேர்ப்பதும் அளவோடுதான். கூடினால் அதுவே மேற்பரப்பை அடைத்துக்கொள்ளும். தூளைப் பூசிய படலம் தடித்தால் காஸ் மேலடுக்கிலேயே எரிந்து தீர்ந்து, அடியில் உள்ள துணிக்கைகள் சும்மா கிடக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கப் புறக்கோட்டையில் எம்கியூ-2 என்ற கடை உணரியை வாங்குகிறீர்களா? சரி, முதலில் ஒரு முழு நாளாவது சூடேற்றுங்கள். “இது ஒன்றுமே காட்டுதில்லை அண்ணா” என்று ஒரு தம்பி கொண்டுவந்தார். 5 வோல்ட் கேட்கும் சூடாக்கிக்கு 3.3 வோல்ட்தான் கொடுத்திருந்தார். வேண்டிய வலுவில் பாதிகூடப் போகவில்லை.