மலைச் சைக்கிளில் பாதமும் இடுப்பும் வலிக்கிறதா? பெடலில் இருந்து தொடங்குங்கள்

மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். ஏறி முடித்து, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதைகளில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குவது எனக்கு மிகவும் பிடித்த ஞாயிற்றுக்கிழமை. ஒரு வருடம் முழுக்க அந்த ஞாயிறுகளை வலி கெடுத்தது. பாதி ஏற்றத்திலேயே பாதத்தின் முன்பகுதி எரிய ஆரம்பிக்கும், விரல்கள் மரத்துப்போகும். கோத்தகிரி வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது.

இரண்டும் வேறு வேறு வலி என்றுதான் நினைத்தேன். பாதத்துக்கு ஜெல் இன்சோல், இடுப்புக்கு பெல்ட், ராத்திரி தைலம். எதுவும் அடுத்த ஞாயிறு வரைகூடத் தாங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. பாதம் பெடலில் ஊன்றி நிற்காவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு கொஞ்சம் ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது கீழ்முதுகுத் தசைதான். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,200 சுற்று. அத்தனை முறையும் அது இழுபடுகிறது. அதனால் இந்தப் பதிவில் கீழிருந்து மேலாகப் போகிறேன்: ஷூ, பெடல், சீட், ஹேண்டில்பார், கடைசியில் உடம்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு பயணத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒரு சின்ன நோட்டில் தேதி, மாற்றம், எங்கே வலித்தது என்று எழுதி வையுங்கள்.

தேவையான கருவிகள்

4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, 15 மி.மீ. ஸ்பேனர், இஞ்ச் டேப், இன்சுலேஷன் டேப், கொத்தனார் வைத்திருப்பது போன்ற சின்ன ரசமட்டம். ஆலன் கீ வாங்கும்போது நீளக் கைப்பிடி உள்ள எல் வடிவ செட்டாக வாங்குங்கள். மடக்கும் மல்டி டூல் வழியில் அவசரத்துக்குத்தான் சரி. வீட்டில் அதை வைத்து இறுகிய போல்ட்டைத் திருப்பினால் போல்ட் தலை வழுக்கிவிடும். எதையும் தளர்த்துவதற்கு முன்னால் இப்போது இருக்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். திரும்பிப் போக வழி வேண்டும்.

படி 1: ஷூ

ஓட்டப் பயிற்சி ஷூவை மலைச் சைக்கிளுக்குப் போடாதீர்கள். அந்த மெத்தென்ற அடிப்பாகம் பெடலின் மேல் வளைந்து உட்காரும். நம்மையறியாமல் உள்ளங்கால் தசை பெடலைக் கவ்விப் பிடிக்கும். இரண்டு மணி நேரம் முஷ்டியை இறுக்கி வைத்திருந்தால் கை எப்படி வலிக்குமோ, அதுதான் பாதத்திலும் நடக்கிறது.

சோதனை எளிது. ஷூவின் முனையையும் குதிகாலையும் பிடித்து வளையுங்கள். நடுவில் தோசை போல மடிந்தால் அது வேண்டாம். தட்டையான, விறைப்பான அடிப்பாகமும் நன்றாகப் பிடிக்கும் ரப்பரும் வேண்டும். என் தேர்வு ஃபைவ் டென் ஃப்ரீரைடர். விலை அதிகம்தான், ஆனால் இந்த விஷயத்தில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அது. உடனே வாங்க முடியாதவர்கள் தட்டையான அடி உள்ள ஸ்கேட்டிங் வகை ஷூவில் தொடங்கலாம்.

நம் வெயிலில் பாதம் வீங்கும். அதனால் சாயங்காலம் போய் வாங்குங்கள், முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். லேஸை விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் கட்டுங்கள். எனக்கு விரல் மரத்துப்போவது பாதி குறைந்தது இந்த லேஸ் விஷயத்தில் மட்டும். ஒரு மணி நேரம் கழித்து நின்று ஒரு முறை தளர்த்திக் கட்டுங்கள். ஜெல் இன்சோல் வேண்டாம். மெத்தென்ற ஷூவுக்குள் இன்னொரு மெத்தை வைப்பதால் பாதம் இன்னும் ஆடும். இன்சோல் தேவை என்றால் உள்ளங்கால் வளைவைத் தாங்கும் கெட்டியான ஒன்றாக இருக்கட்டும்.

படி 2: பெடல்

சைக்கிளோடு வரும் சின்ன பிளாஸ்டிக் பெடலைக் கழற்றிவிடுங்கள். 100 மி.மீ. அளவு அகலமும், மேலே குத்தும் பின்களும் உள்ள நைலான் பெடல் போதும், அலுமினியம் அவசியமில்லை. நைலான் பாறையில் உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகும். இடது பெடலின் மரை தலைகீழ், அதை மறக்காதீர்கள். மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

பாதத்தை எங்கே வைப்பது? பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேடு பெடல் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்று சாலை சைக்கிள்காரர்கள் சொல்வார்கள். மண்பாதையில் எனக்கு அது ஒத்துவரவில்லை. அந்த மேடு அச்சுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் போகும்படி, அதாவது பெடல் உள்ளங்காலின் நடுவை நோக்கி வரும்படி வைத்தேன். எரிச்சல் கிளம்புவது அந்த மேட்டுக்கு அடியில் ஓடும் நரம்பு நசுங்குவதால்தான். பாரம் பின்னால் நகர்ந்ததும் அது அடங்கியது, கெண்டைக்காலும் இலகுவானது. இறக்கத்தில் நிற்கும்போது குதிகாலைத் தாழ்த்துங்கள். விரல் நுனியில் நின்றால் ஒவ்வொரு கல்லின் அடியும் நேராக இடுப்புக்கு வரும்.

படி 3: சீட்

நான் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்ட படி இதுதான்.

முதலில் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓட்டும்போது போடும் ஷூவோடு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக வேண்டும். பிறகு பாதத்தை வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்தால் முழங்காலில் சின்ன மடிப்பு கிடைக்கும். கணக்கு வழியும் உண்டு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கவட்டில் ஒரு தடிமனான புத்தகத்தை அழுத்தி வைத்து, அதன் மேல்விளிம்பில் இருந்து தரை வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்குங்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் மையத்தில் இருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரம். எனக்கு 80 சென்டிமீட்டர், அதனால் 70.6 வந்தது.

இரண்டு வழியிலும் அளந்தேன், இரண்டும் ஒத்துப்போனது, இடுப்பு மட்டும் வலித்தது. தப்பு எங்கே என்று நண்பர் ஒருவர் பின்னால் ஓட்டிக்கொண்டே மொபைலில் எடுத்த வீடியோவில்தான் தெரிந்தது. குதிகால் எட்டுவதற்காக நான் இடுப்பை அந்தப் பக்கம் சாய்த்திருக்கிறேன். அளக்கும்போதும் சாய்த்தேன், ஓட்டும்போதும் ஒவ்வொரு மிதிக்கும் இடது வலது என்று சாய்த்தேன். உடம்பு இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அதனால் அளந்ததோடு நிற்காதீர்கள். டிரவுசரின் இடுப்புப் பட்டைக்குக் குறுக்கே வெள்ளை டேப் ஒட்டி, பின்னாலிருந்து ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கோடு தராசு போல ஏறி இறங்கினால் சீட் உயரம் அதிகம். 3 மி.மீ. இறக்கி மறுபடி பாருங்கள். எனக்கு 69.8இல் கோடு நின்றது. 8 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் கோத்தகிரி வரை இடுப்பு பேசாமல் வந்த முதல் ஞாயிறு அது.

அடுத்தது சாய்மானம். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் இடுப்பு பின்பக்கம் உருளும், கீழ்முதுகு வில்லாக வளையும். 1999இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வில், இடுப்பு வலி இருந்தவர்களின் சீட்டை 10 முதல் 15 டிகிரி வரை முன்பக்கம் தாழ்த்தியபோது 70 சதவீதத்துக்கும் அதிகமானவர்களுக்கு வலி குறைந்தது. எனக்கு அத்தனை சாய்வு ஆகவில்லை, முன்னால் வழுக்கி உள்ளங்கையில் பாரம் ஏறியது. 3 டிகிரி போதுமாக இருந்தது.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. என்னுடையது பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள். வெறும் சைக்கிளை நிறுத்தி ரசமட்டம் வைத்தால் சீட் சமமாகக் காட்டும். நாம் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே போய்விடும். ஏற்றத்தில் இன்னும் மோசம். ஆகவே ஆள் உட்கார்ந்த நிலையில், பக்கவாட்டில் இருந்து போட்டோ எடுத்துச் சாய்வைப் பாருங்கள்.

சீட் கம்பியில் குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு கோடு இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தாண்டி உயர்த்தாதீர்கள்.

படி 4: ஹேண்டில்பார்

சீட் சரியான பிறகும் கை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் ஸ்டெம்மை (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) மாற்றுங்கள், சீட்டை முன்னால் தள்ளாதீர்கள். நான் 80 மி.மீ. ஸ்டெம்மை எடுத்துவிட்டு 60 போட்டேன், ஸ்டெம்முக்கு மேலே இருந்த ஒரு ஸ்பேசர் வளையத்தைக் கீழே மாற்றி ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தினேன். கழற்றும்போது பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு மேல் மூடியைக் கழற்றுங்கள். மாட்டும்போது முதலில் மேல் மூடி, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகள்.

படி 5: காற்றும் பையும்

கடையில் காற்று அடிக்கக் கொடுத்தால் கல் மாதிரி அடித்துத் தருவார்கள். சொந்தமாக மீட்டர் உள்ள பம்ப் வாங்குங்கள். என் எடை 65 கிலோ. 2.25 அங்குல டயருக்கு முன்னால் 26, பின்னால் 29 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். 50இல் ஓட்டிய நாட்களில் ஒவ்வொரு கல்லும் முதுகில் இறங்கியது.

முதுகுப் பையில் 3 லிட்டர் தண்ணீர் என்றால் 3 கிலோ. அந்த மூன்றையும் கீழ்முதுகுதான் சுமக்கிறது. பாட்டிலையும் ட்யூபையும் சைக்கிள் ஃபிரேமுக்கு மாற்றுங்கள்.

படி 6: கியரும் குனியும் விதமும்

ஏற்றத்தில் கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதை விட்டுவிடுங்கள். அப்படி மிதிக்கும்போது ஹேண்டில்பாரை இழுத்துக்கொண்டு முதுகால்தான் மிதிக்கிறோம். கூட வருபவர்கள் முன்னால் போனால் போகட்டும். முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்பதுதான் என் கடைசி கியர், அதை வெட்கமில்லாமல் பயன்படுத்துகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். முதுகுக்கு அது ஓய்வு.

இறக்கத்தில் குனிவது வேறு கதை. முதுகை வளைத்துக் குனியாமல், இடுப்பு மூட்டில் மடங்க வேண்டும். வீட்டில் பழக ஒட்டடைக் கம்பு போதும். அதை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு என்று மூன்று இடத்திலும் தொட வேண்டும். முழங்காலை லேசாக மடித்து, இரண்டு கையிலும் பை இருக்கும்போது கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அப்படி இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். மூன்றில் ஓரிடம் விலகினாலும் நின்று மறுபடி தொடங்குங்கள். தினமும் 15 முறை. கூடவே, மல்லாந்து படுத்து முழங்கால் மடித்து இடுப்பைத் தூக்கி இறக்குவது 15 முறை, மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலைத் தாழ்த்திக் கெண்டைக்காலை இழுப்பது காலுக்கு 30 நொடி. மொத்தம் எட்டு நிமிடம் ஆகும். ஆறு வாரம் விடாமல் செய்த பிறகுதான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் வந்தவை

பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள் வைத்திருக்கும் ஒருவர், 3 டிகிரி தாழ்த்தியதும் கை மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தார். அவருக்கு உட்கார்ந்ததும் முன்பக்க ஃபோர்க் மட்டும்தான் அமுங்கும், மூக்கு தானாகவே தாழும். அந்த வகை சைக்கிளில் சமமாக வைத்துத் தொடங்குங்கள்.

ஷூவோடு பூட்டிக்கொள்ளும், கிளிப் வைத்த எஸ்.பி.டி. பெடல் பற்றி மூன்று பேர் கேட்டார்கள். பாதம் எரிந்தால் ஷூவின் அடியில் உள்ள கிளீட்டை (பெடலில் பூட்டும் உலோகத் துண்டு) 4 மி.மீ. ஆலன் கீயால் தளர்த்தி, குதிகால் பக்கமாக எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளுங்கள். பிறகு சீட்டை 2 அல்லது 3 மி.மீ. இறக்க வேண்டிவரும். இதை நான் முதல் பதிவில் எழுதாமல் விட்டது தப்பு.

ஒரு பக்கம் மட்டும் இடுப்பு வலிக்கிறது என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். சீட் மூக்கு ஃபிரேமுக்கு நேராக இருக்கிறதா, பெடல் அச்சோ கிராங்க்கோ எங்காவது விழுந்து வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றேன். சுற்றும்போது இடது பெடல் தள்ளாடுவதாகப் பதில் வந்தது. பெடலை மாற்றியிருக்கிறார், பலன் தெரிந்ததும் எழுதுகிறேன் என்றார். சைக்கிளில் எதுவும் இல்லையென்றால் இரண்டு கால்களின் நீளத்தையும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அளந்து பாருங்கள்.

காலையில் படுக்கையில் இருந்து இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்துகிறது என்றால் அது பெடல் விஷயம் மட்டுமல்ல, எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு வலி பிட்டம் வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கினாலும், காலில் பலம் குறைந்தாலும் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். கவட்டுப் பகுதி மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.