துருவ வானிலையை எழுதும்போது பூஜ்யத்தைக் கோட்டைவிடாதீர்கள்

ஆர்க்டிக்கிலோ அண்டார்க்டிகாவிலோ வெப்பநிலை தாறுமாறாக ஏறியது என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே அதை விளக்கிப் பத்துக் கட்டுரைகள் வந்துவிடுகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் இந்தத் தரவுகளோடு மல்லுக்கட்டத் தொடங்கிய காலத்தில் நாங்கள் எங்கெங்கே சறுக்கினோமோ, அச்சு அசலாக அதே இடங்களில்தான் புதியவர்களும் சறுக்குகிறார்கள். தெற்கே டிசம்பர்தான் கோடை என்பதை மறப்பது, மைனஸ் குறியை விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை இரண்டாம் முறை படித்தாலே கண்ணில் படும்.

இரண்டு 38கள்

2020 ஜூன் 20 அன்று சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கில் 38 டிகிரி. 2022 மார்ச் 18 அன்று கிழக்கு அண்டார்க்டிகாவின் கான்கார்டியா நிலையத்திலும் ஒரு 38. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதுவது இன்னும் நின்றபாடில்லை. முதலாவது, வெப்பமானி காட்டிய அளவு. இரண்டாவது, அந்த நாளின் வழக்கமான அளவைவிட எவ்வளவு கூடியது என்ற விலகல். கான்கார்டியாவில் அன்று வெப்பமானி காட்டியது ஏறக்குறைய மைனஸ் 12தான். அந்தக் குளிரில் பனி உருகாது.

எது அதிக விநோதம் என்று கேட்டால், சந்தேகமில்லாமல் கான்கார்டியா. வெர்கோயான்ஸ்க் கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊர். குளிர்காலத்தில் மைனஸ் 67.8 வரை இறங்கியிருக்கிறது, கோடையில் 30ஐத் தாண்டுவது அங்கே புதிதல்ல. கான்கார்டியாவோ 3,200 மீட்டருக்கு மேலே உள்ள பனிப் பீடபூமி. கடலிலிருந்து ஈரக்காற்று ஆறுபோல உள்ளே பாய்ந்து, மேகம் மூடி, தரையிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தை அமுக்கிப் பிடித்ததால் வந்த ஏற்றம் அது.

எந்த முப்பது ஆண்டு?

‘வழக்கம்’ என்பது முப்பது ஆண்டுச் சராசரி. ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலுள்ள லாங்கியர்பியன் ஊரின் விமான நிலையத்தில் ஆண்டுச் சராசரி 1961–1990 கணக்கில் மைனஸ் 6.7. 1991–2020 கணக்கில் மைனஸ் 3.9. ஓர் ஆண்டு மைனஸ் 3.9இல் முடிந்தால் முதல் கணக்கில் அது 2.8 டிகிரி கூடுதல். இரண்டாவதில் வழக்கமான ஆண்டு. ஒப்பீட்டுக் காலத்தைச் சொல்லாத விலகல் எண்ணைத் தொடவே தொடாதீர்கள்.

குளிர்கால வெப்பத்தை மாதச் சராசரியால் அளப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். மற்ற தவறுகளில் போவது எழுதுபவரின் மானம் மட்டும். இதில் உயிர்கள் போவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்க்டிக் கரையோர ஊர் ஒன்றில் ஜனவரி மாதத்தின் 28 நாள்கள் மைனஸ் 14; நடுவில் 3 நாள்கள் மட்டும் பிளஸ் 3, மழையோடு. மாதச் சராசரி மைனஸ் 12.4. அந்த ஊரின் வழக்கமான ஜனவரி மைனஸ் 12.5 என்று வைத்துக்கொண்டால் விலகல் வெறும் 0.1. "ஜனவரி வழக்கம்போல்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மூன்று நாள்களில்தான் குளிர்காலமே கெட்டிருக்கிறது.

பனிமேல் விழும் மழை மேலோடு ஓடிவிடுவதில்லை. பனிக்குள் இறங்கி உறைந்த தரையைத் தொட்டதும் அங்கேயே கட்டியாகிறது. மேலே பார்த்தால் வெறும் பனி. தோண்டினால் தரையோடு ஒட்டிய கண்ணாடித் தகடு. ரெயின்டீர் மான்கள் ஆழமான உதிரிப் பனியைக் குளம்பால் கிளறி அடியிலுள்ள லைக்கனையும் புல்லையும் மேய்ந்துவிடும். அந்தத் தகட்டை உடைக்க அவற்றால் முடியாது. மறுபடி உருகும்வரை, அதாவது வசந்தம்வரை, தீவனம் பூட்டிய அறைக்குள் இருப்பதுபோலத்தான்.

2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் நடந்தது இதுதான். மாதத் தொடக்கத்தில் மழை, அடுத்து கடுங்குளிர். நெனெத்ஸ் மக்கள் வளர்த்த மந்தைகளில் சுமார் 61,000 மான்கள் பட்டினியால் செத்தன. அதற்குப் பத்தாண்டுக்கு முன், 2003 அக்டோபரில், கனடாவின் பேங்க்ஸ் தீவில் இதே கதை. அங்கே மஸ்காக்ஸ் எனப்படும் சடை மண்டிய விலங்குகளில் ஏறத்தாழ 20,000 அழிந்தன.

மந்தை இல்லாத இடத்திலும் பாதிப்பு குறைவில்லை. 2012 ஜனவரி 30 அன்று ஸ்வால்பார்டின் நி-ஆலெசுண்டில், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் அதே ஊரில், ஒரே நாளில் 98 மி.மீ. கொட்டியது. பழைய கணக்கில் அந்த ஊர் ஓராண்டில் பெறுவதில் இது ஏறக்குறைய கால்பங்கு. துருவத்தின் நீண்ட இரவுக் காலம், சூரியனே கிடையாது. அதே வாரங்களில் லாங்கியர்பியனில் நீர் ஊறிய பனிச்சரிவு ஒரு நடைபாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது.

மண்ணுக்குள் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 10 மி.மீ. மழை என்றால் 10 கிலோ நீர். ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். ஆக 3,340 கிலோஜூல், தரையை ஒட்டி, பனிப் போர்வைக்கு அடியில். அது மேலே தப்ப வழி குறைவு. கணிசமான பங்கு உறைநிலத்துக்குள் போகிறது.

ஆகவே குளிர்கால நிகழ்வு ஒன்றை எழுதுமுன் இப்படிச் செய்யுங்கள். மாதக் கோப்பை மூடிவிட்டு மணிவாரித் தரவை எடுங்கள். பூஜ்யத்துக்கு மேலே எத்தனை மணி நேரம் நின்றது என்று எண்ணுங்கள். அடுத்து, நிலையம் அனுப்பிய சினாப் குறியீட்டில் (வானிலையை எண்களாக அனுப்பும் முறை அது) நடப்பு வானிலை எண்ணைப் பாருங்கள்: 60 முதல் 65 வரை மழை, 66உம் 67உம் உறைமழை (விழுந்த இடத்திலேயே உறைவது), 68உம் 69உம் மழையும் பனியும் கலந்தது, 70களில் பனி. பிறகு பனி ஆழம். மழை நாளில் ஆழம் சட்டென்று குறைந்து, குளிர் திரும்பியபின் அப்படியே நின்றால், பனி நீர் குடித்து அமுங்கியிருக்கிறது. கடைசியாக, பூஜ்யத்துக்குக் கீழே திரும்ப எத்தனை மணி நேரம் ஆனது, வெப்பநிலை எவ்வளவு கீழே போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீர் பனிக்குள் இருக்கும்போதே மைனஸ் 15க்கு விழுந்திருந்தால் தகடு உறுதி.

இதில் எதுவுமே விலகல் வரைபடத்தின் சிவப்பு, நீலத்தில் தெரியாது.

"ஆர்க்டிக் கோடை மாறவே இல்லையே!"

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. வட அட்சரேகை 80 டிகிரிக்கு அப்பாலுள்ள பகுதியின் சராசரி வெப்பநிலை வரைபடத்தை யாராவது எடுத்துவருவார்கள். குளிர்காலத்தில் கோடு மேலே துள்ளும். ஜூன், ஜூலையில் பழைய சராசரிக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். "பார்த்தீர்களா, கோடை அப்படியே இருக்கிறது" என்பார்கள்.

உலையில் ஐஸ்கட்டி போட்ட பாத்திரத்தை வைத்துப் பாருங்கள். கட்டி இருக்கும்வரை நீர் பூஜ்யத்தை விட்டு நகராது. தீயைக் கூட்டினால் கட்டிதான் வேகமாகக் கரையும். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கும் வெப்பத்தில் ஒரு கிலோ நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிவரை ஏற்றலாம். உருகும் கடற்பனிக்கு மேலே உள்ள காற்றுக்கும் அதே கட்டுப்பாடுதான். அங்கே கோடை வித்தியாசமாக இருந்ததா என்பதைக் காற்றின் வெப்பநிலையில் தேடக்கூடாது. உருகல் எந்தத் தேதியில் தொடங்கியது, செப்டம்பரில் எவ்வளவு பனி மிஞ்சியது என்று பாருங்கள்.

சூடான காற்று வந்ததா, குளிர்ந்த காற்று கலைந்ததா?

சைபீரியாவின் யாகுட்ஸ்க், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊர்களில் காற்று அசையாத, மேகமில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று மிகக் குளிர்ந்து தேங்கிவிடும். சில நூறு மீட்டர் மேலே போனால் வெப்பம் கூடும். லேசாகக் காற்று வீசினாலோ மேகம் வந்தாலோ அந்தத் தேக்கம் கலைந்து, சில மணி நேரத்தில் 10 டிகிரிக்கு மேல் ஏறலாம். எங்கிருந்தும் வெப்பக்காற்று வந்திருக்க வேண்டியதில்லை. 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தின் (ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம்) வெப்பநிலையும் கூடவே ஏறியதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அது உள்ளூர் விவகாரம்.

அண்டார்க்டிகா ஓர் ஊரல்ல

2020 பிப்ரவரி 6 அன்று அண்டார்க்டிகாவில் 18.3 டிகிரி என்று செய்தி வந்தது. அது பதிவானது அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் நுனியிலுள்ள எஸ்பெரான்சா நிலையத்தில், மலையைத் தாண்டி இறங்கி உலர்ந்து சூடான காற்றில். தென் துருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கருவியை நம்புவது

அதே வாரத்தில் அண்டார்க்டிகாவின் சீமோர் தீவில் 20.75 டிகிரி பதிவானதாகச் செய்தி பரவியது. உலக வானிலை அமைப்பு ஆராய்ந்து, சூரியக் கதிரை மறைக்கும் கூண்டு சரியில்லாததால் வந்த பிழை என்று 2021இல் அதைத் தள்ளிவிட்டது. பலர் இன்னும் 20.75ஐயே சாதனையாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

போலார் வோர்டெக்ஸ்

குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே உயர வானில் சுழலும் காற்றுச் சுழல் அது. ஒவ்வொரு குளிர் அலைக்கும் அதைக் கூப்பிடாதீர்கள்.

மழைமானி இல்லாத இடத்தில் மழையைத் தேடுவது

கிரீன்லாந்து பனிவிரிப்பின் உச்சியில், 3,216 மீட்டர் உயரத்தில், சம்மிட் நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 14 அன்று அங்கே பல மணி நேரம் மழை பெய்தது. அந்த நிலையத்தில் அப்படிப் பதிவானது அதுவே முதல்முறை. வெப்பமானி பூஜ்யத்தை மெல்லத் தாண்டியதைக் காட்டியது. மழையின் அளவைச் சொல்ல எதுவுமில்லை. மழை பெய்யும் என்று யாருமே எதிர்பார்க்காத இடம், அதனால் மழைமானியும் கிடையாது. நிலையத்தில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்ததால்தான் செய்தி வெளியே வந்தது. ஆள் இல்லாத தானியங்கி நிலையங்களில் மழைப் பத்தி காலியாக இருந்தால், அதைப் பூஜ்யம் என்று நிரப்பிவிடாதீர்கள்.